பாகப் பட்டியலில் ஒரு கொக்கி

சார்ஜ்மேன்,

நேற்றுக் காலை ஒரு பார்சல் வந்தது. உள்ளே நாற்பது கொக்கிகள். கறுப்பு நைலான், என் நடுவிரல் நீளம், முனை சற்று மேல்நோக்கி வளைந்தவை. ஸ்டோர்காரர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது தண்டவாளத்தில் எந்த இடத்தில் போகிறது என்று கேட்டார். தண்டவாளத்தில் போகாது, இரண்டு மீட்டர் தள்ளிப் போகும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. புதியவர். உன்னைத் தெரியாது.

ஒன்றை என் மேசைக்கு எடுத்துவந்தேன். புது நைலானுக்கு ஒரு வாசனை இருக்கிறது, மழைக்கோட்டை முதல்முறை பிரிக்கும்போது வருமே, அது. இப்போது மாலை ஆறு மணி. கார் நிறுத்துமிடத்தில் என்னுடையது மட்டும் நிற்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் கடைசி லாரி கிளம்பிப் போகிறது. இன்று காலை பத்து மணிக்கு நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது. வீட்டில் சொன்னால் "அப்படியா" என்பார்கள். அது போதாது. நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. இருந்தும் எழுதுகிறேன்.

நீ எங்கள் தொழிற்சாலைக்கு வந்த முதல் நாள் நான் உனக்குப் பாடம் எடுத்தேன். நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. ரயிலுக்கு மேலே கம்பி இழுக்காமல், ஓடும் தண்டவாளங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்றைப் போட்டு அதன் வழியாக மின்சாரம் கொடுப்பார்கள் என்று ஆரம்பித்தேன். பெட்டியின் அடியிலிருந்து நீளும் ஷூ என்ற உலோகக் கட்டை அந்த மின்தண்டவாளத்தின் அடிப்பரப்பை மட்டும் தொட்டபடி ஓடும். ஆகவே மேலேயும் பக்கங்களிலும் கண்ணாடி இழை மூடியால் போர்த்திவிடலாம். எழுநூற்றைம்பது வோல்ட்டுக்கும் மனிதக் கைக்கும் நடுவில் இருப்பது அந்த மூடிதான். அதை வடிவமைப்பதுதான் என் வேலை. வெள்ளைப் பலகையில் படம்கூடப் போட்டேன். நீ கடைசிவரை தலையாட்டிக் கேட்டாய்.

"பதினெட்டு வருஷம் சிங்கப்பூர்ல அந்த ஷூவுக்குக் கீழதான் படுத்துக் கெடந்தேன் மேடம். ஆனா நீங்க நல்லா சொன்னீங்க."

கேலியா பாராட்டா என்று தெரியவில்லை. அன்றே உன்னை எனக்குப் பிடிக்காமல் போனது.

மின்சாரத்தைத் திறந்து மூட உரிமம் பெற்றவருக்கு இந்த நாட்டில் சார்ஜ்மேன் என்று பெயர். உரிமத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது, அப்படியே கூப்பிடுங்கள் என்று எல்லோரிடமும் சொன்னாய். ஹெல்மெட்டுக்குள் துடோங், அதாவது முக்காடு, கட்டிய ஒரு பெண்ணை அப்படி அழைக்க முதல் வாரம் எல்லோரும் தடுமாறினார்கள். பிறகு உன் உண்மைப் பெயரே மறந்துவிட்டது. எனக்கும்தான். உன் வீட்டுக்கு வந்த அன்று அந்தப் பெயரை மற்றவர்கள் சொல்லக் கேட்டபோது, யாரைச் சொல்கிறார்கள் என்று ஒரு கணம் விழித்தேன்.

தொழிற்சாலைக்குப் பின்னால் இருநூறு மீட்டர் சோதனைப் பாதை உன் பொறுப்பில் வந்தது. ஒரு நாள் மூடியைக் கழற்றி அடியிலிருக்கும் தாங்கியைப் பார்க்க வேண்டியிருந்தது. மின்சாரம் நிறுத்தியாகிவிட்டது என்ற கையொப்பமிட்ட தாள் என் கையில் இருந்தது. நான் குனிந்தபோது உன் கை குறுக்கே வந்தது.

"பேப்பர்ல ஆஃப் ஆயிருக்கு மேடம். தண்டவாளம் பேப்பர் படிக்காது."

சோதனைக் கருவியை முதலில் மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்தாய். பிறகு தண்டவாளத்தில் வைத்தாய். பிறகு மறுபடியும் மின்சாரம் இருக்கும் இடத்துக்குப் போய், நடுவில் கருவியே பழுதாகிவிடவில்லை என்று உறுதி செய்துகொண்டாய். விதி அதுதான், எனக்கும் தெரியும். விதியை யாரும் பார்க்காத நேரத்திலும் மூன்று முறை முழுதாகச் செய்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. கைகட்டி நின்றேன். எரிச்சலாகவும் இருந்தது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

என் மூடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் மேற்பரப்பு தட்டை. ஒரு கை அகலம், நேர்க்கோடாக, வழுவழுவென்று. தட்டையாக இருந்தால் அச்சு செய்வது சுலபம், லாரியில் அடுக்குவது சுலபம், ஓர் ஆள் தவறி மிதித்தாலும் தாங்கும். தாங்கும் என்பதற்கு என்னிடம் சான்றிதழ் இருந்தது. ஒன்றரை வருடம் அதற்காக உழைத்திருந்தேன். நீ அதை முதன்முதலில் பார்த்தபோது உள்ளங்கையால் தடவிவிட்டு, "மேசை மாதிரி இருக்கு" என்றாய். அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடக் கடைசியில், மழை பிடித்துக்கொண்ட நேரத்தில், கசிவு மின்னோட்டம் ஏற ஆரம்பித்தது. மின்தண்டவாளத்தைத் தாங்கி நிற்கும் தாங்கிகளின் வழியாகத் துளித்துளியாக மின்சாரம் தரைக்குப் போய்க்கொண்டிருந்தது. மழை நின்ற பிறகும் குறையவில்லை. தாங்கிகளை வார்க்கும் பிசினில் கோளாறு என்று முடிவு கட்டினேன். அச்சுப் பிரிவுக்குக் காரமாக நான்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அவர்கள் பதிலுக்கு என் வரைபடத்தில் குறை என்றார்கள். இரண்டு வாரம் இப்படியே போனது. நீ அந்தச் சண்டையில் கலந்துகொள்ளவில்லை. ஒரு நாள் மின்சாரத்தை நிறுத்தி, மூன்று முறை சோதித்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு ஜல்லியின் மேல் குப்புறப் படுத்துவிட்டாய். கால்மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாய்.

இரண்டு மூடிகள் சேரும் இடுக்கு வழியாக ஓர் எறும்பு வரிசை உள்ளே போய்க்கொண்டிருந்தது. தாங்கியின் மேல் பழுப்பாக, பிசுபிசுவென்று ஒரு படலம். நீ விரலால் தொட்டு முகர்ந்தாய்.

"தே. டின் பால் போட்டது. கட்டுனவனுக்கு முடிச்சு போடத் தெரியல."

குளுவாங் ஸ்டேஷன் ரோட்டில் உன் அத்தா தேநீர்க் கடை வைத்திருந்ததும், பத்து வயதிலிருந்து பிளாஸ்டிக் பையில் தேநீர் ஊற்றிக் கயிறு கட்டிக் கொடுத்ததும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. முடிச்சு தளர்ந்தால் பை எந்தப் பக்கம் ஒழுகும் என்று விளக்கினாய். நான் நம்பவில்லை. நான் படித்த படிப்பில் எறும்பு கிடையாது. படலத்தைச் சுரண்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். சர்க்கரை, பால் கொழுப்பு என்று முத்திரை போட்டுப் பதில் வந்தது. ஒரு மாதம் நீ என்னை விடவில்லை. பார்க்கிறவர்களிடம் எல்லாம், "நம்ம இஞ்சினியரம்மா தேய லேப்புக்கு அனுப்பி டெஸ்ட் பண்ணவங்க லா, சாதாரண ஆளா" என்றாய். அந்த மாதத்தில்தான் "மேடம்" போய் "நீ" வந்தது என்று நினைக்கிறேன்.

பத்து மணிக்கு எல்லோருக்கும் தே நேரம். முச்சந்தி ஒட்டுக்கடையிலிருந்து பைகள் வரும். கையில் ஸ்பேனர் இருக்கும், கையுறை இருக்கும், பையைக் கீழே வைத்தால் சாய்ந்து கொட்டிவிடும். பக்கத்தில் முழங்கால் உயரத்தில் தட்டையாக, சுத்தமாக, இருநூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு மேசை. வைத்தார்கள். இப்போது எழுதும்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறது. அப்போது எனக்கு அவர்கள் மேல்தான் கோபம் வந்தது. நான்கு மொழியில் அறிவிப்பு எழுதி, கம்பத்தில் போல்ட் போட்டு மாட்டச் சொன்னேன். மறுநாள் அந்த போல்ட்டில் இரண்டு பைகள் தொங்கின. "நல்ல எடம் குடுத்துட்ட" என்றாய். நான் சிரிக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமையை நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

சோதனை வண்டி ஓடுவதற்காக மின்சாரம் போட்டிருந்தாய். மணி அடித்தாகிவிட்டது, எல்லோரும் கோட்டுக்கு வெளியே வந்துவிட்டார்கள். நான் முப்பது அடி தள்ளி, கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாதையில் போல்ட் முடுக்கும் மணியம் அண்ணன் தன் பையை மூடிமேல் மறந்துவிட்டிருந்தார். வண்டி கடந்துபோன அதிர்வில் பை நகர்ந்து, உள்பக்கமாகச் சரிந்து, மூடிக்கும் தாங்கிக்கும் நடுவில் கயிறு மாட்டிக்கொண்டு தொங்கியது. அது தண்டவாளத்தின் அடிப்பரப்புக்குப் பக்கம். என் மூடி மறைக்காத ஒரே பக்கம். அவர் இரண்டு எட்டு வைத்துப் போய், குனிந்து, அடியில் கையை நீட்டினார். வீட்டில் அலமாரிக்கடியில் விழுந்த சாவியை எடுப்பதுபோல, முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு.

"மணியம்ணே, கை!"

அவ்வளவுதான் நீ சொன்னது. அவர் கை அப்படியே நின்றது. தண்டவாளத்துக்கு ஒரு சாண் இருந்திருக்கும். அதற்குள் நீ மின்சாரத்தை வெட்டிவிட்டாய். அவர் பின்னால் நகர்ந்து ஜல்லியில் உட்கார்ந்தார்.  நீ கருவியை எடுத்துக்கொண்டு போனாய். அந்த நேரத்திலும் மூன்று முறை. பிறகு நீயே கையை விட்டு அந்தப் பையை விடுவித்து, முடிச்சைச் சரிபார்த்து, அவரிடம் நீட்டினாய்.

"குடிங்க. இன்னும் சூடாத்தான் இருக்கு."

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். உறிஞ்சுகுழல் இரண்டு முறை வாய்க்குப் போகாமல் தவறியது.

விபத்து நடக்கவிருந்து தப்பினால் அதற்கும் ஒரு படிவம் உண்டு. பதினோரு மணிக்கே உட்கார்ந்து நிரப்பினேன். காரணம் என்ற கட்டத்தில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதினேன். எங்கள் தொழிற்சாலையில் அந்தச் சொல் ஒருவர் பெயரில் இரண்டு முறை விழுந்தால் வேலை போகும். மணியம் அண்ணனுக்கு ஏற்கனவே ஒன்று இருந்தது. மூடிமேல் ஸ்பேனரை வைத்து, அது விழுந்து ஒரு தாங்கி விரிசல் விட்டதற்கு. அதையும் எழுதியது நான்தான்.

நீ என் அறைக்கு வந்தாய். உட்காரவில்லை. படிவத்தை உன் பக்கம் திருப்பிப் படித்தாய்.

"கவனக்குறைவா?"

"கரண்ட் இருக்கும்போது கைய உள்ள விட்டா வேற என்னன்னு எழுதுறது?"

"நீ மேசை செஞ்சு வச்சிருக்க. அவரு மேசையில தே வச்சாரு. விழுந்துச்சு, எடுக்கப் போனாரு. வீட்டுல நீயும் நானும் அதத்தான செய்யுறோம்."

"நோட்டிஸ் இருக்கு, சார்ஜ்மேன்."

"இருக்கு. அதுல ரெண்டு தே தொங்குது."

அச்சு வெட்டியாகிவிட்டது என்றேன். வாங்குகிறவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்றேன். இந்த நிலையில் மூடியே தவறு என்று நானே எழுதினால் இங்கே என் வார்த்தைக்கு என்ன மதிப்பு இருக்கும் என்றும் கேட்டேன். அதைக் கேட்டபோது உன் முகத்தைப் பார்க்கவில்லை. மணியம் அண்ணனின் குடும்பத்தைப் பற்றி நீ பேசுவாய், அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீ அதைப் பேசவே இல்லை.

"இன்னிக்கி ஒண்ணும் எழுதாத. அந்தக் கட்டத்தக் காலியா விடு. நாளைக்குப் பத்து மணிக்கு என்கூட வந்து நில்லு. அதுக்கப்புறம் உன் இஷ்டம்."

வந்தேன். எதற்கென்று புரியாமலே வந்தேன். பைகள் வந்தன, ஒன்றை என் கையில் கொடுத்தாய். யார் யார் எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்து எழுதச் சொன்னாய். நேற்று அவ்வளவு பெரிய ஆபத்து வந்துபோயிருக்கிறது, இன்று யாரும் மூடியில் வைக்க மாட்டார்கள் என்று நான் நினைத்தேன். ஒருவர் ஹெல்மெட்டைக் கவிழ்த்து அதற்குள் வைத்தார். ஒருவர் வண்டியின் கண்ணாடியில் மாட்டினார். அறிவிப்புப் பலகையில் வழக்கம்போல இரண்டு. பதினைந்தாவது நிமிடத்தில் ஒருவர், பேச்சு மும்முரத்தில், மூடியில் வைத்தார். பார்த்தாயா என்று உன்னிடம் சொல்லத் திரும்பினேன். அந்த ஆள் நேற்று நடந்ததைக் கண்ணால் பார்த்தவர். அப்புறமும் இப்படி என்றால் இது மூடியின் தவறா, மனிதர்களின் தவறா என்று கேட்கப் போனேன்.

நீ என்னைப் பார்க்கவில்லை. என் இடது பக்கம் கீழே பார்த்துக்கொண்டிருந்தாய்.

என் பை மூடிமேல் இருந்தது. எழுதுவதற்குக் கை வேண்டியிருந்தது, வைத்திருக்கிறேன். எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை. மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று உன்னிடம் நான் கேட்டிருக்கவும் இல்லை. நான் வரைந்து, நானே சான்றிதழ் வாங்கி, நானே அறிவிப்பு மாட்டிய மூடி.

நீ அதற்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பதில் வைத்திருப்பேன். எனக்குப் பதில் எப்போதும் இருக்கும். நீயோ என் பையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு உன் தேநீரைக் குடித்தாய். அன்று மின்சாரம் நிறுத்தித்தான் இருந்தது என்று பிற்பகலில் போகிற போக்கில் சொன்னாய்.

பழைய படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். காரணம்: மூடியின் மேற்பரப்பு தட்டையாக இருக்கிறது, பொருள்களை வைக்கத் தூண்டுகிறது. வடிவமைத்தவர் என்ற இடத்தில் என் பெயர். மேலாளர் இரண்டு முறை படித்துவிட்டு, மூடிக்கு மூடுவது மட்டும்தானே வேலை, மேலே என்ன வைக்கிறார்கள் என்பதெல்லாம் நம் கவலையா என்று கேட்டார். நேற்றுவரை நானும் அப்படித்தான் நினைத்தேன் என்றேன். நான்கு மாதம் இழுபறி. இரண்டு கூட்டங்களில் ஆளில்லாத அறையில் பேசுவதுபோல இருந்தது. மணியம் அண்ணன் வேலையில் இருந்தார். அந்த நான்கு மாதமும் என்னைக் கண்டால் அவர் ஒதுங்கிப் போனார். முதல் குறிப்பை எழுதியவள் நான் என்பது அவருக்குத் தெரியும்.

சரிவான மூடி என்று முடிவானதும் எவ்வளவு சரிவு என்ற கேள்வி வந்தது. நான் உராய்வுக் கணக்குப் போட்டுக் கொண்டுவந்தேன். நீ ஒட்டுக்கடையில் இருபது பை தே வாங்கிவந்தாய். கடைக்கார அக்கா, தொழிற்சாலையில் ஏதும் கெண்டூரி விருந்தா என்று கேட்டாராம். மாதிரிப் பலகையைச் சாய்த்துச் சாய்த்து ஒவ்வொரு பையாக வைத்தோம். என் கணக்குப்படி சரிய வேண்டிய இடத்தில் ஒன்றுகூடச் சரியவில்லை. பை ஒரு பெட்டி இல்லை. அது உட்காரும் இடத்துக்கு ஏற்றபடி தன்னை அமைத்துக்கொள்ளும். வெளியில் வியர்த்தால் ஒட்டிக்கொள்ளும். பால் போட்டதைவிடப் பால் போடாத தே ஓ சீக்கிரம் சரிந்தது. ஏனென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "இன்னும் சாய், இன்னும் சாய்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். பதினோராவது பை என் காலணியில் உடைந்தது. அன்று நான் சிரித்தேன் என்று நீ பிறகு பலரிடம் சொன்னதாகக் கேள்வி.

சரிவு வெளிப்பக்கமாக இருக்க வேண்டும், விழுவது கண்ணெதிரே தரையில் விழ வேண்டும், யாரும் அடியில் கைவிட்டுத் தேடும்படி ஆகக் கூடாது என்பது உன் யோசனை. உள்பக்கத்து விளிம்பை நான்கு விரல் கீழே இறக்கியது என்னுடையது. இரண்டும் சேர்ந்துதான் இப்போதைய மூடி. அதில் நமக்குள் சண்டை இல்லை.

சண்டை கொக்கியில் வந்தது.

"எடுத்தா மட்டும் பத்தாது. வேற எடம் குடு" என்றாய். சோதனைத் தாள் ஒன்றின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினாய். பாதையோரக் கம்பங்களில், மின்தண்டவாளத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்தில் ஒரு கொக்கி. தே மாட்ட. நான் மறுத்தேன். நாம் விற்பது மின்தண்டவாளப் பாதுகாப்பு. தேநீருக்கு ஆணி அடிப்பது நம் வேலையில்லை. கோலாலம்பூரில் வாங்குகிறவர்கள் முன்னால் இதை எப்படி வைப்பது. நீ வற்புறுத்தவில்லை. தாளை என் மேசையில் வைத்துவிட்டு, "கை காலியா இருந்தாத்தான் அது வேற எங்கயும் போகாது, யோசிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் அதன் மூலையில் பென்சிலால் "தேவையில்லை" என்று எழுதி இழுப்பறையில் போட்டேன்.

அதற்கு ஒன்பது நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, சரிவு மூடியைக் காட்டக் கோலாலம்பூர் போயிருந்தேன். கூட்டம் முடிந்து கைப்பேசியைத் திறந்தால் மணியம் அண்ணனிடமிருந்து மூன்று அழைப்புகள். நான்கு மாதமாக என்னோடு பேசாத மனிதர். காலையில் உனக்கு நெஞ்சு வலித்தது, மருத்துவமனை வாசலிலேயே முடிந்துவிட்டது என்றார். நான் நம்பவில்லை. தொழிற்சாலைக்குப் போட்டுக் கேட்டேன். பிறகு உன் எண்ணுக்கே போட்டேன். உன் அண்ணன் எடுத்தார்.

உலு திராமில் உன் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் உன்னை அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள். உங்கள் வழக்கம் அது, தாமதிக்கக் கூடாது என்று தெரியும். தெரிந்திருந்தும் உங்கள் வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளுக்கு நடுவே நின்றுவிட்டேன். உன் அண்ணன் உள்ளே அழைத்து உட்காரவைத்தார். "மூடி, மூடின்னு வீட்லயும் அதே பேச்சுதாங்க. நீங்கதான் அந்த இஞ்சினியரம்மாவா?" என்று கேட்டார். தேநீர் கொடுத்தார், கண்ணாடிக் குவளையில். அது காலியாகும்வரை அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கூட்டத்தில் சரிவு மூடியை ஒப்புக்கொண்டார்கள் என்பதை உன்னிடம் சொல்ல முடியவில்லை. அதைத்தான் வண்டியில் வரும் வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

இழுப்பறையிலிருந்து உன் தாளை எடுக்க எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. மூலையில் இருந்ததை அழிக்கவில்லை. அதற்குக் கீழே "பாகம் 17" என்று மையால் எழுதினேன். பதினாறு பாகங்கள் இருந்த பட்டியலில் இப்போது பதினேழு. கோலாலம்பூரில் பட்டியலை வரிவரியாகப் பார்த்துவந்த பொறியாளர் அந்த இடத்தில் நின்றார். இந்தக் கொக்கி எதற்கு என்று மலாயில் கேட்டார். தே மாட்ட என்றேன். அறையில் யாரோ இருமினார்கள். செவ்வாய்க்கிழமையைச் சொன்னேன், அந்த ஒரு சாண் இடைவெளிவரை, மணியம் அண்ணனின் பெயர் சொல்லாமல். என் பை மூடிமேல் இருந்ததையும் சொன்னேன். அவர் பேனாவைத் திருகிக்கொண்டு கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். எவ்வளவு எடை தாங்கும்? இரண்டு தே, ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் என்றேன். அவர் சரி போட்டார்.

இனி இன்று காலையைச் சொல்கிறேன்.

எட்டு மணிக்குச் சோதனைப் பாதையின் கம்பங்களில் ஆறு கொக்கிகளைப் பொருத்தினோம். மூடிகள் போன வாரமே போட்டாகிவிட்டன. சாம்பல் நிறம், கூரைபோல ஒரு பக்கம் சரிந்து நிற்கின்றன. தட்டையாக இல்லாததால் லாரியில் அடுக்க முடியவில்லை என்று லாரிக்காரர் ஏசுகிறார். ஏசட்டும். மின்சாரம் போட்டிருந்தது. பத்து மணிக்குத் தே வந்தது. என் பையை முதல் கொக்கியில் மாட்டிவிட்டு நின்றேன். எனக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. நாற்பது கொக்கி வாங்கியாகிவிட்டதே என்ற கவலைதான் இருந்தது.

மணியம் அண்ணன் வண்டி ஓட்டுநரோடு பேசிக்கொண்டே வந்தார். இன்னும் நான்கு மாதத்தில் ஓய்வு பெறுகிறார். கையுறையைக் கழற்ற வேண்டும், கையில் பை. பேச்சை நிறுத்தாமல், பார்க்காமல், பையைப் பக்கத்து மூடிமேல் வைத்தார். இத்தனைக்குப் பிறகும்.  உன்னைப்போல ஒரே வார்த்தையில் கத்த எனக்கு வராது.

பை ஒரு நொடிகூட நிற்கவில்லை. வெளிப்பக்கமாக வழுக்கி, எல்லோரும் பார்க்க, ஜல்லியில் விழுந்து உடைந்தது. மணியம் அண்ணன் குனியவில்லை. குனிந்து தேட ஒன்றும் இல்லை, எல்லாம் கண்ணெதிரே கிடந்தது. நான் அவர் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் அவர் இடுப்பில் இருந்தன.

அந்த ஈரத்தைப் பார்த்தார். பிறகு மூடியைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார்ஜ்மேன் இருந்திருந்தா இந்நேரம் என்னைய வச்சு ஒரு மாசம் ஓட்டியிருப்பாங்க, மேடம்."

"ரெண்டு மாசம்" என்றேன்.

கொக்கியிலிருந்து என் பையை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் நீட்டினேன். வாங்கலாமா என்று யோசித்தார். "குடிங்கண்ணே, சூடா இருக்கு" என்றேன். அண்ணே என்று அவரை நான் அழைத்தது இன்றுதான் முதல்முறை. ஒரு கையால் வாங்கி, மறு கையால் உறிஞ்சுகுழலை நேராக்கிக்கொண்டார்.  நாங்கள் இரண்டு பேரும் கம்பத்துக்குப் பக்கத்தில், தண்டவாளத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றோம். அவர் குடித்து முடிக்கும்வரை அந்தப் பக்கம் போக எங்களுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. கை வேறெங்கும் போகாது என்று நீ சொன்னதும் அதுதான்.

அடுத்த வாரம் இருபது கட்டு மூடிகள் கிளம்புகின்றன. ஒவ்வொரு கட்டோடும் ஒரு சிறிய பெட்டியில் கொக்கியும் போகும். எங்கோ ஒரு பாதையில், உன்னையோ என்னையோ தெரியாத ஒருவர் தன் தேநீரை அதில் மாட்டிவிட்டு வேலையைத் தொடங்குவார். மாட்டாமலும் போகலாம். மனிதர்களைப் பற்றி நான் இன்னும் அவ்வளவு உறுதியாக எதையும் சொல்வதில்லை.

என்னைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது. இப்போது எந்தப் படிவத்திலும் காரணம் என்ற கட்டத்தைக் கடைசியாகத்தான் நிரப்புகிறேன். அதற்கு முன்னால் அந்த இடத்துக்கு ஒரு முறை போய் நிற்கிறேன், கையில் ஒரு பை தேநீரோடு. அதை நான் எங்கே வைக்கிறேன் என்று பார்ப்பதற்காக.